மாரிக்காலத்தில் பறவை பார்ப்பது: பெடியளின் கேள்விகளுக்கு ஒரு நீண்ட பதில்

ஏ.எல். படிக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கேட்ட கேள்விகள் இவை. குளிர் கூடினால் பறவையும் கூட வருமா? மழை நாளில் போய்ப் பயன் உண்டா? எந்த மாதம், எங்கே? எந்த ஆப், எந்தப் புத்தகம்? எல்லோருக்கும் சேர்த்து பைனாகுலர் ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்குவது? யாழ்ப்பாண ரவுனுக்குக் கிட்டத்தான் இருக்கிறார்கள், சைக்கிள் இருக்கிறது, ரியூசன் இல்லாத காலைகள் கொஞ்சம் இருக்கின்றன. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

குளிரை முதலில் முடித்துவிடுவோம். தை மாத விடியற்காலையில் கூட யாழ்ப்பாணத்தில் 22 பாகை அளவில்தான் இருக்கும், அதற்கே அம்மாமார் காதைக் கட்டிக்கொண்டு போ என்பார்கள். அந்தக் குளிரைப் பார்த்து எந்தப் பறவையும் இங்கே வருவதில்லை. வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் நீர்நிலை உறைந்து இரை இல்லாமல் போவதால்தான் வலசை என்ற பழக்கமே வந்தது, ஆனால் எப்போது கிளம்புவது என்பதைப் பெரும்பாலும் அங்கே பகல் நீளம் சுருங்குவதுதான் சொல்லிக்கொடுக்கிறது. கரையோரச் சேற்றில் மேயும் உள்ளான் வகைகளில் பல ஜூலையிலேயே புறப்பட்டுவிடும். அதனால் ஆவணி புரட்டாதியில், இங்கே தென்மேற்குக் காற்றான சோளகம் புழுதி கிளப்பி வெயில் கொளுத்தும்போதே, முதல் கூட்டம் நம் சேற்றில் நின்று மேயும். காட்டு வாத்துகளான தாராக்கள் வர ஐப்பசி, கார்த்திகை ஆகும். பலர் தை பிறந்த பிறகு கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து பறவைகள் இப்போதுதான் வந்தன என்று எழுதுவார்கள். பறவைகள் அதற்கு எவ்வளவோ முன்பே வந்திருக்கும்.

வந்த பறவை குடாநாட்டில் எந்தக் கரையில் நிற்கும் என்பதற்கு இரண்டு விடை: காற்று, தண்ணீர் மட்டம். எனக்குச் சொல்ல இருப்பதும் அதிகம் இவை இரண்டைப் பற்றித்தான். ஆப், புத்தகம், லென்ஸ் எல்லாம் இதற்குப் பிறகு.

நம் பரவைக்கடல், அதாவது யாழ்ப்பாணக் களப்பு, ஆழமில்லாதது. இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நடந்து போய் வலை பார்த்துவிட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வற்றுப் பெருக்கும் இங்கே சிறிது, மீற்றர் கணக்கில் ஏறி இறங்கும் ஊர்களைப்போல இல்லை. அதனால் வெளிநாட்டு வழிகாட்டிகளில் வரும் 'வற்று அட்டவணையைப் பார்த்துப் போங்கள்' என்ற அறிவுரை இங்கே பாதிதான் பலிக்கும். இங்கே தண்ணீரை நகர்த்துவது அதிகமும் காற்று. வாடைக்காற்று ஒரே பிடியாக இரண்டு மூன்று நாள் அடித்தால் காற்று போய் முட்டும் கரையில் தண்ணீர் ஏறிவிடும், காற்று வரும் பக்கத்துக் கரையில் சேறு வெளிக்கும். ஒரே காலையில் ஒரு கரையில் ஒன்றுமே இல்லாமல், மறுகரையில் ஆயிரக்கணக்கில் நிற்பது இதனால்தான். பட்டம் ஏற்றத் தெரிந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. மார்கழி, தையில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத்தைத் தூக்கும் அதே காற்றுத்தான் இது. வாலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று முடிவெடுங்கள். (பட்டம் ஏற்றுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அறுந்த நூலைப் பனையிலும் கம்பியிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நைலோன் நூலில் சிறகு சிக்கிய பருந்தை இறக்குவது லேசான வேலை இல்லை.)

தண்ணீர் மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொன்றின் கால் நீளமும் சொண்டு நீளமும் அது நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். கரையோரம் ஒரு முக்கால் மணித்தியாலம் அசையாமல் இருந்து பாருங்கள். ஈரச்சேற்றில், தண்ணீர் படாத இடத்தில், ஓடுவதும் சட்டென்று நிற்பதும் ஒரு கொத்து கொத்துவதுமாக இருப்பவை மணல் உப்புக்கொத்திகள். கண்ணால் பார்த்து வேட்டையாடுவதால்தான் அந்த ஓட்டமும் நிறுத்தமும். விரற்கடை அளவு தண்ணீர் தேங்கிய இடத்தில் குனிந்த தலை நிமிராமல் தையல் மெஷின் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டே போகிற சின்னது கொசு உள்ளான். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, சொண்டு நுனி கீழே வளைந்து, வயிறு தண்ணீரில் முட்டும் அளவுக்கு இறங்கி நிற்பது வளைமூக்கு உள்ளான். செக்கச் சிவந்த காலோடு, நீங்கள் ஒரு அடி எடுத்து வைத்ததும் கத்தி முழுக் கூட்டத்தையும் எழுப்பிவிடுவது பவளக்காலி. அதற்கு அப்பால் முழங்கால் முட்டும் தண்ணீரில் நீண்ட நேர்ச் சொண்டை அடிவரை, சில நேரம் கண் வரை, சேற்றில் புதைத்து இழுப்பவை கருவால் மூக்கன்கள். நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே. எல்லாவற்றுக்கும் அப்பால், வேறு யாருக்கும் கால் எட்டாத இடத்தில், தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு வடிகட்டிக்கொண்டிருப்பவை பூநாரைகள். இப்போது தண்ணீர் ஒரு சாண் ஏறுகிறது என்று வையுங்கள். முதல் மூன்று வரிசைக்கும் சாப்பாட்டு மேசை மூடிவிடும், அவை எழும்பி வேறு இடம் தேடிப் போய்விடும். 'போன கிழமை இங்கேதான் நின்றது, இன்றைக்குக் காணவில்லை' என்கிற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான்.

பூநாரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது தின்னும் நுண்ணுயிரும் சிறு இறாலும் உப்புச் செறிவோடு கூடிக் குறைபவை. கார்த்திகை வெள்ளம் பரவைக்கடலைக் கலக்கி உப்பைக் கரைத்துவிட்டால் கூட்டம் நகரும், தண்ணீர் வற்றி உப்புக் கூடக் கூடத் திரும்பி வரும். இவ்வளவு இருந்தும் இலங்கையில் அவை கூடு கட்டுவதில்லை.

இதை வைத்து மாதக்கணக்கைப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பாதி, இந்த இரண்டரை மாதத்தில்தான் நமக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டுகிறது. அப்போது பரவைக்கடலில் தண்ணீர் கூட, அதேநேரம் வயல், தரவை, குளம், குட்டை, பள்ளக்காணி எல்லாவற்றிலும் வெள்ளம். பறவை ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும், ஒரு இடத்தில் பெருந்தொகையாகப் பார்க்க முடியாது. ஆனால் இந்தக் காலம் வளவுக்குள் பார்க்க வேண்டியதைப் பார்க்கிற காலம். புரட்டாதி கடைசியிலிருந்தே பாக்குநீரிணையை இரவில் கடந்து வரும் சின்னப் பறவைகள் களைத்துப்போய்க் கிடைத்த மரத்தில் இறங்கும். பருத்தித்துறைக்கு நேரே எதிர்க்கரை கோடியக்கரை என்பதை மறக்கவேண்டாம். ஆறுமணிக் குருவி விடியவும் மைமலிலும் இரண்டு தடவை விசிலடித்துவிட்டுப் போவது இந்த மாதங்களில் தொடங்கும். பகலில் அது வேலியோரச் சருகைக் கிளறிக்கொண்டு நிலத்தில்தான் நிற்கும், அண்ணாந்து தேடினால் கிடைக்காது. தவறி வீட்டுக்குள் வந்துவிட்ட, கண்ணாடியில் அடிபட்ட ஆறுமணிக் குருவியைக் கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தண்ணீரை வாயில் ஊற்றாமல், பூனைக்கு எட்டாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். பெரும்பாலும் தானாகத் தெளிந்து போய்விடும். மாங்குயில், பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான், கம்பியில் வரிசையாகத் தகைவிலான், பனங்கூடல் மேலே நீலவால் பஞ்சுருட்டான், இவ்வளவும் வீட்டை விட்டுப் போகாமலே பார்க்கலாம்.

மார்கழிக் கடைசியில் மழை ஓயத் தொடங்கும். தை மாதம் தாராவுக்கு. ஊசிவால் தாராவும் நீலச்சிறகியும் நாமத்தாராவும் பகலில் பரவைக்கடல் நடுவே பெரிய கறுப்புப் பட்டையாகத் தூங்கிக்கொண்டிருக்கும், மேய்ச்சல் பெரும்பாலும் இரவில். எனவே 'ஒரே தூக்கம், ஒன்றும் செய்யவில்லை' என்று ஏமாறாமல் பின்னேரம் ஐந்தரைக்குப் போய் நில்லுங்கள். இருட்டும் நேரத்தில் அவை கூட்டம் கூட்டமாக எழும்பித் தலைக்கு மேலே வயலுக்குப் போகும்.

ஒரே ஒரு மாதத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் மாசியைத்தான் சொல்வேன். மழை இல்லை, வானம் துப்புரவு, வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை, வயலும் குட்டையும் வற்றிச் சிதறிக் கிடந்ததெல்லாம் பரவைக்கடல் ஓரத்துக்குத் திரும்பியிருக்கும். பங்குனியில் இன்னொரு வாய்ப்பு: அதுவரை ஒரே சாம்பல் நிறமாக நின்று நம்மைக் குழப்பிய கருவால் மூக்கனும் வளைமூக்கு உள்ளானும் ஊருக்குக் கிளம்பமுன் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். உள்ளான்களைப் பிரித்தறியப் பழக நினைப்பவர்கள் சாம்பல் காலத்தில் தொடங்கி மண்டையை உடைப்பதைவிட, நிறம் ஏறிய காலத்தில் உருவத்தையும் நடையையும் மனதில் பதித்துக்கொண்டு, அடுத்த ஆவணியில் மறுபடி பார்ப்பது சுலபம். பரீட்சைக் காலம் என்பீர்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு விடியற்காலை போதும்.

மழை நாளில் போவதா? கொட்டும்போது போகவேண்டாம், மின்னல் இருந்தால் கட்டாயம் போகவேண்டாம். பரவைக்கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாதையிலோ அராலிப் பக்கத்திலோ நின்றால் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்கள்தான். மழை விட்டு வெளித்த முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் அருமையானது, எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்து மேயும், சிறகு விரித்துக் காயவைக்கும், வெளிச்சமும் படத்துக்கு நல்லது. புயலுக்குப் பின்னான காலை இன்னும் விசேஷம். ஆழ்கடலிலேயே காலம் கழிக்கும் பறவைகள் கரைக்கு அடித்து ஒதுக்கப்படுவது அப்போதுதான். ஆனால் 2008 நவம்பரில் நிஷா எவ்வளவு வெள்ளத்தைக் கொண்டுவந்தது, 2020 டிசம்பரில் புரெவி என்ன செய்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பறவைக்காக அந்த நேரத்தில் கடற்கரைக்குப் போகிறேன் என்று வெளிக்கிடுபவரை வீட்டுக்காரர் பிடித்துக் கட்டி வைக்கலாம், நான் அவர்கள் பக்கம். எச்சரிக்கை நீக்கப்பட்ட பிறகு போங்கள்.

காலநிலைக்குப் பார்க்கவேண்டியவை குறைவு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு முதலில், மீனவருக்கான கடல் எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். அதில் காற்றின் வேகமும் திசையும் இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். அப்புறம் விண்டி ஆப், காற்று எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு என்று படமாகவே காட்டும். மழை வருமா என்பதில் எந்த ஆப்பையும் முழுதாக நம்பவேண்டாம், குடாநாட்டில் கோப்பாயில் கொட்டும்போது கொக்குவிலில் வெயில் அடிக்கும். காற்றைப் பொறுத்தவரை அவை அவ்வளவு பிழை விடுவதில்லை.

இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கிட்ட இருப்பது பண்ணையிலிருந்து மண்டைதீவு, வேலணைப் பக்கம் போகும் பாதை. காலையில் வெயில் முதுகில் விழ வடமேற்குப் பக்கம் பாருங்கள், பின்னேரம் மற்றப் பக்கம். இதை மாற்றிச் செய்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். மீன் பிடிக்க நட்ட சிறகுவலைக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒவ்வொரு கம்பிலும் ஆலா என்ற கடற்பறவையோ நீர்க்காகமோ இருக்கும், அதில் பெருத்த உடம்பும் கரட் போன்ற சிவப்புச் சொண்டும் கொண்டது தெரிந்தால் அது காஸ்பியன் ஆலா. செம்மணி, நாவற்குழி, கைதடி வரை றோட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் கண்டி வீதியில் வாகனம் பறக்கும், சைக்கிளை நன்றாக ஒதுக்கி நிறுத்துங்கள். சரசாலைப் பக்கம் கண்டலும் குருவிக்காடும் நாரை, கொக்கு, கூழைக்கடாவுக்கு. தொண்டைமானாறில் மழை கூடி அணையின் கதவு திறக்கும் நாட்களில் மீன் பிடிக்கும் ஆட்களும் கொக்குகளும் ஆலாக்களும் ஒரே இடத்தில் கூடும், கிட்ட நின்று படம் எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு முழுநாள் கிடைத்தால் நாகர்கோவில், சுண்டிக்குளம். சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015 இல் தேசிய பூங்காவானது, ஆகவே வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஒழுங்குக்கு உட்பட்டே போகவேண்டும். மன்னாருக்குப் போக வாய்த்தால் வங்காலை, அது 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. எல்லாவற்றுக்கும் போகவேண்டும் என்று அலைய வேண்டாம். வீட்டுக்குக் கிட்ட ஒரு கரையைப் பிடித்து ஆவணி முதல் சித்திரை வரை தவறாமல் பார்ப்பவருக்குத் தெரிவது, பத்து இடத்துக்கு ஓடுபவருக்குத் தெரியாது.

வடக்கில் இருப்பதால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. கொழும்பு, காலிக்காரர் பஸ் ஏறி வந்து பார்க்கும் கரும்பருந்தும் கௌதாரியும் இரட்டைவால் கரிக்குருவியும் நமக்கு ஒழுங்கை முனையில் கிடைக்கும். பார்த்துப் பழகிப்போனதால் நாங்கள் பதிவதில்லை.

இனி ஆப். இரண்டு போதும், இரண்டும் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகத்தினுடையவை, இரண்டுக்கும் காசு இல்லை. மேர்லின் இனங்காண. இலங்கைத் தொகுப்பை வீட்டில் வைஃபை இருக்கும்போது இறக்கி வையுங்கள், களத்தில் டேட்டா வேண்டாம். அதன் ஒலி அறியும் வசதி வளவுக்குள் புலுனி, கொண்டைக்குருவி, செண்பகம் என்று நன்றாகவே சொல்லும், பரவைக்கடலில் வாடை மைக்கில் மோதும் இரைச்சலில் படுத்துவிடும். தூரத்து உள்ளானின் மங்கல் படத்தைக் கொடுத்தால் அது தயக்கமில்லாமல் ஏதோ ஒரு பெயரைச் சொல்லும், அந்தத் தன்னம்பிக்கையைக் கண்டு மயங்கவேண்டாம். பெயரைக் கேட்கமுன் நீங்களே மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: கால் நிறம், சொண்டின் நீளமும் வளைவும், பறக்கும்போது சிறகிலும் பிட்டத்திலும் வெள்ளை எங்கே. பவளக்காலி பறந்தால் சிறகின் பின்னோரத்தில் அகலமான வெள்ளை, பச்சைக்காலிக்குச் சிறகில் ஒன்றுமில்லை, முதுகில் ஆப்பு வடிவில் வெள்ளை ஏறும். இந்த ஒன்று தெரிந்தாலே பாதி உள்ளான் தீர்ந்தது.

ஈபேர்ட் பதிவு வைக்க. இதில் ஒரு விஷயம் மட்டும் பிடிவாதமாகச் செய்யுங்கள்: அபூர்வத்தை மட்டும் போடாமல், அங்கே கண்டதெல்லாம், காகமும் மைனாவும் உட்பட, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதோடு முழுப் பட்டியலாகப் போடுங்கள். காகத்தைப் போடாத பட்டியலிலிருந்து காகம் இல்லையா அல்லது நீங்கள் எழுதவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தை, மாசியில் வந்து போய்விடுகிறார்கள், ஆவணிச் சேற்றையும் கார்த்திகை வெள்ளத்தையும் ஊரில் இருப்பவர்தான் பதிய வேண்டும். பதிவைச் சரிபார்ப்பவர் 'இது உண்மையா, படம் உண்டா' என்று கேட்டு எழுதினால் கோபப்படாதீர்கள், எல்லோரிடமும் கேட்பார்கள். குரல் பழக சேனோ-கான்டோ தளம், உலகம் முழுக்க ஆட்கள் பதிந்த ஒலிகள், இலவசம். அதைக் களத்தில் போட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள், அது எதிரி வந்துவிட்டான் என்று பதறி மேய்ச்சலை விட்டுவிடும்.

புத்தகத்தில் ஜி.எம். ஹென்றி இலங்கைப் பறவைகள் பற்றி எழுதிய 1955 ஆம் ஆண்டு நூல் பழையது என்றாலும், ஒவ்வொரு பறவையும் எப்படி நடக்கும், எங்கே இருக்கும் என்று விவரிப்பதில் இன்றைக்கும் அதை மிஞ்சியது எனக்குத் தெரியவில்லை. களத்துக்குக் கொண்டுபோக ஹரிசனும் வேர்ஃபோல்கும் சேர்ந்து செய்த 1999 ஆம் ஆண்டு வழிகாட்டி, அதன் ஓவியங்களில் உள்ளான் பக்கங்கள் தெளிவு. புதிய விலை உங்களுக்குக் கட்டாது, நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், அல்லது பள்ளிக்கூட நூலகத்தில் கேட்டு வாங்கச் செய்யுங்கள். புத்தகத்துக்கும் ஆப்புக்கும் பெயர் ஒத்துப்போகாத இடங்கள் வரும், பயப்படவேண்டாம். பழைய நூல்களில் சின்ன மணல் உப்புக்கொத்தி என்றிருந்தது இரண்டாகப் பிரிக்கப்பட்டு, நம்மிடம் வருவது இப்போது திபெத் உப்புக்கொத்தி. நூலில் தனி இனமாக இருக்கும் ஹியூக்ளின் கடற்காகத்தை ஈபேர்ட் இன்னொரு கடற்காகத்துக்குள் சேர்த்துவிட்டது. பறவை அதேதான்.

அந்த ஹியூக்ளின் கடற்காகம் பற்றி ஒரு செய்தி. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து ஜி.பி.எஸ். பொருத்தி விட்டவை ரஷ்யாவின் வட துருவப் பக்கத்து யமால் வரை போயின, அதில் ஒன்று மறுபடி மன்னாருக்கே வந்து சேர்ந்தது. இது ஏன் உங்களுக்கு என்றால், காலில் வளையமோ நிறக் கொடியோ உள்ள பறவையை நீங்களும் காணலாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் நெடுங்காலமாக வளையமிடுகிறது. கண்டால் நிறம், எழுத்து, எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, நாள், இடம் எல்லாம் குறித்து, முடிந்தால் படத்தோடு, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் பீல்ட் ஓர்னிதோலொஜி குறூப் என்ற பறவை ஆய்வுக் குழுவுக்கு அனுப்புங்கள். அவர்கள் 1976 முதல் இருக்கிறார்கள். அதைவிடப் பழையது 1943 இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப், ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை இலங்கையில் நடத்துபவர்கள் அவர்கள்தான். யாழ். பல்கலைக்கழக விலங்கியல் துறையில் போய்க் கேளுங்கள், கணக்கெடுப்பு நாட்களில் கூடப் போக விரும்பும் மாணவரை யாரும் துரத்தமாட்டார்கள். பெருங்கூட்டத்தை எண்ண ஒரு வழி: முதலில் பத்தை எண்ணி அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பாருங்கள், அதே அளவால் நூறு, பிறகு நூறு நூறாகத் தாண்டிப் போங்கள். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, எழுதிய பிறகே ஒருவருக்கொருவர் சொல்லுங்கள்.

காசில்லாத இன்னொரு வளம் வலைக்காரர். குருநகர், பாசையூர், நாவாந்துறை ஐயாமாரிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுங்கள். எந்தக் காற்றுக்கு எந்தத் திட்டி வெளிக்கும், பூநாரை இரவில் எங்கே அடையும் என்று உங்கள் ஆப்பில் இல்லாததெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் வலை இழுக்கும் நேரத்தில் போய்க் கேள்வி கேட்டு நிற்காதீர்கள், கரைக்கு வந்து மீனைப் பிரித்து முடிந்த பிறகு கேளுங்கள்.

பைனாகுலர் ஒன்றுதான் என்றால் எட்டுக்கு நாற்பத்திரண்டு. முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் மில்லிமீற்றர். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், வாடையில் கை ஆடும்போது அதில் பறவையும் சேர்ந்து ஆடும். பெட்டியில் ஐம்பது மடங்கு என்று போட்ட மலிவுச் சாமானைத் தொடவே வேண்டாம். நாலு பேருக்கு ஒன்று என்பது அவ்வளவு குறையில்லை: ஒருவர் பார்த்து வாயால் விவரிக்க, இன்னொருவர் எழுத, மற்றவர் புத்தகம் புரட்ட, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மாறுங்கள். கண்டதை வாயால் விவரித்துச் சொல்லப் பழகுவது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய பயிற்சி. பரவைக்கடல் உப்புக்காற்று லென்ஸில் படியும், சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஊதி, பிறகு சுத்தமான ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

கடைசியாகச் சில கண்டிப்புகள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம், முகமாலை, சுண்டிக்குளம் வழிகளில், பாவனையில் உள்ள பாதையை விட்டு ஒரு அடியும் வைக்கக் கூடாது, அங்கே என்ன பறவை இருந்தாலும் சரி. முகாம், காவலரண் பக்கம் கமராவையும் பைனாகுலரையும் திருப்பாதீர்கள், யாராவது கேட்டால் புத்தகத்தைக் காட்டிப் பேசுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மழை முடிகிற காலம் டெங்குக் காலம், கை முட்டச் சட்டை போடுங்கள். படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பாதீர்கள், நீண்ட பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கிற பறவைக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் சாப்பாட்டில் கழியும். வலை வைத்துத் தாரா பிடிப்பவர்களைக் கண்டால் நீங்கள் சண்டைக்குப் போகாமல் வீட்டில் பெரியவரிடம் சொல்லி வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கூட்டையோ ஆந்தை இருக்கும் பொந்தையோ கண்டால் இடத்தைப் படத்தோடு வெளியே போடவேண்டாம்.

இந்தக் கிழமை வாடை விடாமல் அடிக்கிறது. ஞாயிறு விடிய ஆறு மணிக்கு, காற்று வரும் பக்கத்துக் கரையாகப் பார்த்து, செம்மணியில் தொடங்குங்கள். எட்டரைக்கு மேல் கானல் எழும்பித் தூரத்துப் பறவை நடுங்கத் தொடங்கிவிடும், அதற்குள் முடித்துக்கொண்டு ரியூசனுக்குப் போய்விடலாம். என்ன கண்டீர்கள் என்று பட்டியலை அனுப்புங்கள், காகத்தையும் சேர்த்து.